முள் தாமதித்த ஒரு நிமிடம்

திருவாரூருக்கு அருகிலிருந்த புழுங்கலரிசி ஆலையொன்றிலிருந்து அவசர அழைப்பு வந்தது. அங்குள்ள நெல் உலர்த்திக்கு வெப்ப உணரியும் சூட்டைக் காட்டும் முள் மீட்டரும் வடிவமைத்துத் தந்தவன் நான். உலர்ந்த நெல்லை அரைத்தால் பாதி நொய்யாகிறதாம்.

ஆலை உரிமையாளர் வாயிலிலேயே நின்றார். அவ்வூரின் பெரிய மிராசுதார். கூலிக்காகவும் குத்தகை உரிமைக்காகவும் வயல்களில் போராட்டம் மூண்டிருந்த காலம் அது.

"மீட்டர் கரெக்டா இருக்கு சார். உலை பாக்குற ஆரோக்கியம்தான் வேணும்னே சூட்ட ஏத்துறான். அவங்கப்பன் என் வயல்ல கொடி நட்டவன். மீட்டர் சரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, இன்னைக்கே அவன நிறுத்திடுறேன்."

ஆரோக்கியம் உமி உலையின்முன் நின்றிருந்தார். "முள்ளு தொண்ணூறுக்கு வந்ததும் நெருப்பு தணிய காத்துக் கதவ மூடுன்னு உத்தரவு. மூடுறேன் சார். ஆனா உங்க முள்ளு, பந்தி முடிஞ்சப்புறம் கல்யாணத்துக்கு வர்ற மாமா மாதிரியில்ல வருது!"

கிண்டல் என்னைச் சுட்டது. உணரியைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்திக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நூற்றைச் சரியாகவே காட்டியது. ஆனால் அங்குச் சேர ஒரு நிமிடத்திற்கு மேலாயிற்று. காற்றில் இன்னும் தாமதிக்கும். உமிச் சாம்பல் அரிக்கக் கூடாதென்று தடித்த எஃகு உறையிட்டவன் நானே. உறைக்கும் கம்பி முனைக்கும் நடுவே இடைவெளி விட்டவனும் நானே. உமி சட்டெனப் பற்றும்போது, முள் தொண்ணூற்றைத் தொடுமுன் நெல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிடுகிறது.

"எழுதித் தருகிறேன்," என்றேன். "பிழை என்னுடையது, இவர்மேல் குற்றமில்லை என்று."

"உங்க சாமான நீங்களே குறை சொல்றீங்களே!" என்றார் உரிமையாளர்.

பத்து நாளில் புதிய உணரியுடன் திரும்பினேன். முனையை மட்டும் மெலிதாக்கி, வெப்பத்தை உணரும் கம்பி முனையை உறையின் அடியிலேயே பற்றவைத்திருந்தேன். அரிப்பைத் தாங்க வெளியே துளையிட்ட கவசம். கொதிநீரில் முள் நூற்றை எட்ட மூன்றே வினாடி. உலையில் உமி விழுந்ததும் முள் துள்ளியது; ஆரோக்கியம் கதவை மூடினார். அந்த நெல்லை அரைத்தபோது அரிசி முழுமுழுதாய் விழுந்தது.

உரிமையாளர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "சரி, உலைய அவனையே பாக்கச் சொல்லுங்க," என்றார் என்னிடம்.

"நான் இங்கதானே நிக்கிறேன். எங்கிட்டயே சொல்லலாமே," என்றார் ஆரோக்கியம்.

கையிலிருந்த அரிசியைக் கொட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பி, "நீயே பாருப்பா," என்றார் உரிமையாளர்.

பின்னாளில் நான் வடிவமைத்த உணரிகள் பல; இதைப்போல் பெருமை தந்தது வேறில்லை. அன்று முதல் என் வடிவமைப்புத் தாள்களில் துல்லியத்திற்கு முன்பாக, முள் எண்ணை எட்ட எடுக்கும் துலங்கல் நேரத்தை எழுதலானேன். சரியான எண்ணும் காலந்தாழ்ந்து வந்தால் ஒருவரின் பிழைப்பைப் பறித்துவிடும்.