அணில் கொட்டைப் பிட்டு

குளியலறைக் குழாயில் தொங்கிய ஒரு துணிப் பொட்டலம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மச்சாளின் முகம்தான் வரும். எண்பதுகளில் கனடாவுக்கு அகதியாக வந்து, மொன்றியலின் லாசால் பகுதியில் நான், இவர், இவருடைய தங்கையான மச்சாள் என்று மூன்று பேர் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். மச்சாள் பிள்ளைத்தாச்சி, புருஷன் இன்னும் வந்து சேரவில்லை. எதை உண்டாலும் வெளியே வந்துவிடும். பிள்ளைக்குச் சத்துக் காணாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். "ஒடியல் பிட்டு எண்டால் தின்பன், மச்சாள்" என்றாள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவுக்கு மொன்றியலில் நான் எங்கே போக?

பூங்காவில் ஓக் மரத்தடி முழுக்கக் கொட்டைகள். கீழ்வீட்டுக் கொரியாக்காரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதற்கென்று கேட்க எங்களுக்குள் ஒரு பாஷை இல்லை. அணில்களும் தின்றன. நானும் ஒன்றை உடைத்து நாக்கில் வைத்தேன். நாக்கை இழுக்கும், ஒடியல் மாவின் அதே கயர்ப்பு! பள்ளிக்கூடம் நான் அதிகம் கண்டவள் இல்லை. ஆனால் கயர்ப்பைத் தண்ணீரில் போக்க எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டாம்.

கோதுடைத்து, காயவைத்து, மிக்சியில் அரைத்து, பழைய சேலைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். தண்ணீர் முதலில் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. அது தெளிந்து, மா நாக்கில் கயர்க்காமல் போகும் வரைக்கும் நான் அவசரப்படவில்லை. பிறகு தேங்காய்ப்பூ போட்டு அவித்தேன். மச்சாள் உண்டாள். வயிற்றில் தங்கியது. இன்னும் கேட்டாள்.

அப்போதுதான் இவர் வேலையால் வந்தார். பிட்டு எதில் அவித்தது என்று கேட்டார். ஓக் கொட்டை என்றதும் கத்தினார்.

"உனக்கென்ன விசரே? அதைத் திண்டால் மாடே சாகுமாம்! வேலையிலை ஒருத்தன் சொன்னவன். பிள்ளைத்தாச்சிக்குக் குடுத்திருக்கிறாய்!"

"கயர் எல்லாம் கழுவிப்போட்டன்" என்றேன். மச்சாள் கோப்பையைத் தள்ளிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

கொரியாக்காரி பிட்டை மணந்து பார்த்தாள். விரலால் அள்ளி வாயில் போட்டாள். மறுபடியும் அள்ளினாள். பிறகு பிரிட்ஜைத் திறந்து, தொதல் மாதிரி வழவழப்பான ஒரு மண்ணிறக் கட்டியை எடுத்து, பக்கத்தில் ஓக் கொட்டை ஒன்றை வைத்துக் காட்டினாள். கட்டியைத் தொட்டாள், தன் வயிற்றைத் தொட்டாள், டிவிக்கு முன்னால் சண்டை பிடித்துக்கொண்டிருந்த தன் பிள்ளைகளைக் காட்டினாள். மூன்றும் நல்ல கொழுகொழுப் பிள்ளைகள்.

இப்போது கொரியாக் கடைகளில் அந்த மாவைப் பாக்கெட்டில் விற்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கையும் வாயும்தான் சாட்சி.

இவர் மெல்லச் சட்டிப் பக்கம் வந்தார். "இஞ்சை தா, ஒருக்கால் பாப்பம்."

மச்சாள் சட்டியைப் பறித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு வேண்டாம் அண்ணை. மாடே சாகுமாம்."