வாழைப்பழம் தேடிய சித்திரா பௌர்ணமி

நேற்று பௌர்ணமி. பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது கிரிவலக் கூட்டத்துக்காக வழக்கம்போல பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலில் இருக்கும் வீட்டுக்கு நடந்தேன். வழியில் யாரோ ஒரு புண்ணியவான் வேனை நிறுத்தி அன்னதானம் செய்துகொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் தொன்னையில் தயிர்சாதமும் அதன் தலையில் ஒரு வாழைப்பழமும் கைக்கு வந்துவிட்டன. சாதத்தைத் தின்றேன். பழத்தை மூக்கருகே வைத்து மோந்தபடி நின்றேன். பக்கத்திலிருந்த அம்மா, "இன்னாம்மா, அழுகிடுச்சா?" என்றார். அழுகவில்லை. மோந்து பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். ஒரு காலத்தில் அதுதான் என் வேலையே.

கெமிஸ்ட்ரியில் எம்.ஃபில். படித்தேன் என்றால் என் வகுப்புப் பிள்ளைகளே நம்புவதில்லை. தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த காலம் அது. எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று ஓர் அறை, வழிகாட்ட ஒரு சார், ஏழுமலை என்று ஓர் அட்டெண்டர், அப்புறம் மலர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் வீட்டில் மல்லாட்டை விவசாயம், அதாவது வேர்க்கடலை. நானாவது கல்யாணம் ஆகும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்ந்தவள். மலருக்கு அதுதான் உயிர்.

எங்கள் ஆராய்ச்சி ரைஸ் மில்லில் தொடங்கும். உமிச் சாம்பலில் சிலிக்கா ஏராளம். மலர் அவள் ஊர் மில்லிலிருந்து சிமெண்ட் பையில் சாம்பல் அள்ளிவந்து பஸ்ஸில் ஏற்றுவாள். "பாத்திரம் தேய்க்க இவ்ளோ ஜாஸ்தியா? கல்யாண மண்டபம் நடத்தறீங்களா?" என்று கண்டக்டர் கேட்பார். அந்தச் சாம்பலைக் காரத்தில் கரைத்து, சோப்பு மாதிரி ஒன்றைக் கலந்து வேகவைத்து, உலையில் சுட்டெடுப்போம். சோப்பு எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும். கையில் எடுத்தால் வெறும் வெள்ளைப்பொடி. வெறும் துளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தத் துளைகளின் சுவரில் அமிலத்தை ஒட்டவைக்க வேண்டும், அதுதான் விஷயம். ரசாயன வினைகளை வேகப்படுத்த அப்படி ஓர் அமிலம் வேண்டும். கந்தக அமிலத்தை ஊற்றியும் அதே வேலையை வாங்கலாம். ஆனால் அதைத் திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு, கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். பொடி என்றால் வடிகட்டி மறுபடியும் போடலாம். இரண்டாம் டிகாக்‌ஷன் மாதிரி, ஆனால் சுவை குறையாமல்.

ஒட்டவைக்கும் மருந்து இருக்கிறதே, ஐயோ, அந்த நாற்றம்! அழுகின முட்டையும் பூண்டும் சேர்ந்த நாற்றம். பெராக்சைடு ஊற்றி அமிலமாக மாற்றினால் பொடியிலிருந்து போய்விடும், எங்கள் மேலிருந்து போகாது. மாலை பஸ்ஸில் மலருக்குப் பக்கத்து சீட் எப்போதும் காலி. "ஜன்னலோரம், பக்கத்துல ஆளே இல்ல. மகாராணி மாதிரி போறேன்டி" என்பாள்.

பொடி தேறியதா என்று பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் எங்களிடம் கிடையாது. அசிட்டிக் அமிலத்தையும் ஐசோஅமைல் ஆல்கஹாலையும் குடுவையில் விட்டு, ஒரு சிட்டிகை பொடி போட்டுக் கொதிக்கவைப்போம். பொடி வேலை செய்தால் வாழைப்பழ வாசனை வரும், எசன்ஸ் மிட்டாயில் வருமே, அது. வேலை செய்யாவிட்டால் காடி நாற்றமும் தலைவலியும். எங்களுக்கு மாதக்கணக்காகத் தலைவலிதான்.

இதற்கு நடுவில்தான் சார் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "ஜூன்ல இந்த ரூம கம்ப்யூட்டருக்குக் குடுக்கறாங்க. அதுக்குள்ள ஒரே ஒரு தடவை வேலை செஞ்சிடுச்சுன்னா, சென்னைல எனக்குத் தெரிஞ்ச லேப்ல மலர பிஎச்.டி.க்கு சேத்துடுவேன். ஒண்ணுமே இல்லாம எப்படிம்மா கேக்கறது?" மலரின் அப்பா ஏற்கெனவே பி.எட். விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். எனக்கும் வீட்டில் பி.எட். என்று முடிவாகியிருந்தது. "வேலை செய்யலன்னா நானும் உன்கூட டீச்சர்தான்டி" என்று மலர் அழாத குறையாகச் சொன்னாள்.

பங்குனிப் பௌர்ணமியன்று அறை முழுக்க வாழைப்பழ வாசனை. கட்டிப்பிடித்துக் குதித்தோம். சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஏழுமலை நிதானமாக வந்து, உலைக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து ஒரு சீப்பு பூவன் பழத்தை எடுத்தார். "அன்னதானத்துல குடுத்தாங்க சார். இங்க சூடா இருக்குதே, சீக்கிரம் பழுக்கும்னு வச்சேன். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க." சார் ஒன்று வாங்கித் தின்றார். மலர் தொடவில்லை.

கல்லூரிக் குழாயில் கை கழுவும்போதெல்லாம் அவளுக்கு ஒரே புலம்பல். "எங்க ஊர் கெணத்துல ஒரு தேய் தேய்ச்சா நுரை பொங்கும். உங்க ஊர் தண்ணி சோப்பையே முழுங்கிடுது." ஒருநாள் புலம்பல் பாதியில் நின்றது. சோப்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: "ஏய், பொடிய கடைசியா எதுல கழுவறோம்?"

அதே குழாய்த் தண்ணீரில்தான். காய்ச்சி வடித்த தண்ணீர் டிகிரி பிள்ளைகளின் பிராக்டிகலுக்கே போதாது, எங்களுக்கு எங்கே கிடைக்கும்? "சோப்பைக் கெடுக்கற அதே சுண்ணாம்புதான்டி! அமிலம் இருக்க வேண்டிய எடத்துல போய் ஜம்முனு உக்காந்துக்கிச்சு" என்று கத்தினாள். பொடியை மறுபடி நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடித்த தண்ணீரில் மட்டும் கழுவினாள். அந்தத் தண்ணீருக்காக ஏழுமலை தினமும் காலையில் சீக்கிரமே வந்து காய்ச்சத் தொடங்கினார். பழம் வைத்த பாவத்துக்குப் பரிகாரமாம்.

அப்புறம் சித்திரா பௌர்ணமி. வெளியே ரோடெல்லாம் ஜனம். அறையில் நாங்கள் இரண்டே பேர். மத்தியானம் வாசனை வந்தது. மலர் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இந்த முறை யாரும் குதிக்கவில்லை.

"பழம்டி. எங்கயோ வச்சிருக்காரு அந்த மனுஷன். தேடு."

தேடினோம். அலமாரி, சார் மேஜை, அணைந்து கிடந்த உலை, ஜன்னலுக்கு வெளியே, ஏழுமலையின் பை. மலர், பழம் இருந்துவிடக் கூடாதே என்று தேடினாள். நான், எங்கேயாவது இருக்காதா என்று தேடினேன். பழம் கிடைத்தால் அவள் சென்னைக்குப் போக மாட்டாள். என்னோடு பி.எட். படிப்பாள், என்னோடு டிபன் பாக்ஸைத் திறப்பாள். அவளைப் போல என்னைச் சிரிக்கவைத்த ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஸ்டூல் போட்டுப் பரண்மேல் கைவிட்டுத் துழாவினேன். ஒரு முழம் தூசிதான் வந்தது.

"அங்க எதுக்குடி ஏறுற, பைத்தியம்!" என்று மலர் கீழிருந்து சிரித்தாள்.

ஏழுமலை வெறுங்கையோடு உள்ளே வந்தார். "பழமா? நான் இன்னும் அன்னதானத்துக்கே போவலீங்களே!" மலர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். குடுவையில் எவ்வளவு அமிலம் மிச்சம் என்று அளக்கும் டைட்ரேஷனை நான்தான் செய்தேன். ஊற்றிய அமிலத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது. பொடி வேலை செய்திருந்தது, வாசனை குடுவையிலிருந்துதான். நானும் அழுதேன். சந்தோஷம் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள், பாதி அதுவும்தான்.

ஜூனில் அவள் சென்னைக்குப் போனாள், அங்கிருந்து வெளிநாடு. எப்போதாவது போன் வரும். "இங்க எதையும் மோந்து பாக்கக் கூடாதுடி. எல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள்ள. மெஷின்ல கோடு வந்தாதான் நம்பணும்" என்பாள். இப்போது அந்தப் போனும் குறைந்துவிட்டது. எங்கள் அறை கம்ப்யூட்டர் அறையாகி, அதுவும் பழசாகி, இடித்து பைக் நிறுத்தும் கொட்டகை போட்டுவிட்டார்கள். சார் இல்லை. ஏழுமலையும் இல்லை. அன்னதானத்தில் பூவனும் இல்லை, வாசனையே இல்லாத நீளப் பச்சைப்பழம்தான் கொடுக்கிறார்கள்.

நேற்று கையில் இருந்ததும் அதுதான். இப்படி ஒன்றே ஒன்று அன்றைக்கு அந்தப் பரண்மேல் இருந்திருந்தால், மலர் இன்று என் பள்ளியில் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்டக்டரை வம்புக்கு இழுப்பாள். இல்லாமல் போனதுதான் நல்லது, எனக்கும் தெரியும். தெரிந்தும், உரிக்க மனசு வராமல் அந்தப் பழத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.