மச்சான் கத்தியின் பித்தளைத் தடுப்பு

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்கணும். கூடப்பிறந்தவன்கூட அசந்துபோவானாம், அக்கா தாலி அறுவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டானாம். "கயிறு தம்பி கையில, தாலி அக்கா கழுத்துல" என்பார்கள். இப்போது கம்ப்ரஸர் வந்து, காற்று குழாயில் போகிறது. ஆனாலும் கயிறு இருக்கிறது. அக்காவுக்குக் கல்யாணமான நாள் முதல் அதைப் பிடித்தவன் நான்.

போன சீசனில் மச்சான் ஆழத்திலிருந்து அவசரமாக ஏறிவிட்டார். உடம்பு மரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு எழுந்து நடந்தார். "எல்லாம் சரியாயிட்டு, அடுத்த வாரம் கடலுக்குப் போறேன்" என்று தெருவெல்லாம் சொன்னார். அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏலே, நெசமாவே சரியாயிட்டா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின், லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து அவரே ஒரு கத்தி செய்திருந்தார். அடியில் வலை சுற்றினால் அறுக்கவேண்டுமே. ஈரக்கை வழுக்கி அலகுக்குப் போகாதபடி பிடிக்கு முன்னால் ஒரு பித்தளைத் தடுப்பு. அது லொடலொடவென்று ஆடியது.

"ஆடுத பல்லு சோத்துக்கு ஆகாது, ஆடுத கத்தி கடலுக்கு ஆகாது. என்ன மச்சான், கண்ண மூடிக்கிட்டு ராவுனீரா?"

"நீ வாய மூடிக்கிட்டு சரிபண்ணுலே மாப்ள."

பிடியைக் கழற்றினேன். தடுப்பின் துளை அகலம் மட்டுமில்லை, கோணல் வேறு. மயிரிழை நுழையாமல் வள்ளத்துக்கு ஆப்புச் செதுக்குகிற மனுசன் செய்த வேலையா இது?

பித்தளை மெதுவானது. கல்லில் வைத்துத் துளையின் ஓரத்தைச் சுற்றித் தட்டினால் உள்ளே நெருங்கி வரும். நெருக்கினேன். சின்ன அரத்தால் ராவி, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவினேன். கடைசியில் கட்டையை வைத்துத் தட்டினால்தான் ஏறியது. பிடியைப் பசை போட்டு இறுக்கி, மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கட்டைவிரலால் தடுப்பை அசைத்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவர் கத்தியைக் காதோரம் கொண்டுபோய்க் குலுக்கினார்.

சத்தம் வரவில்லை. "ஆடல" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து விரல் நுனியில் நகத்தால் அழுத்தினேன். அவர் கையை இழுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பருந்து மச்சான்?"

"மேல ஏறுன அன்னைலருந்து. அரம் விரல்ல ஏறுனாலும் தெரியலலே."

மேலே நான் கயிற்றை ஒரு இழு இழுத்தால் ‘வா’ என்று அர்த்தம். அடியில் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடிதான் சங்கு தேடுவார்; அந்த இழுப்பு தெரியவேண்டிய கை அது.

காப்பி கொண்டுவந்த அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாம் கேட்டிருந்தது.

மச்சான் டம்ளரை வாங்கிக்கொண்டு கத்தியை அவளிடம் நீட்டினார். "மீன் அறுக்க வச்சுக்கோ." என் பக்கம் திரும்பி, "வேற எவனுக்காவது கயிறு பிடி மாப்ள. நல்ல கை உனக்கு."

"வேற எவனுக்கும் கட்டிக்கொடுக்க எனக்கு வேற அக்கா இல்ல மச்சான்."

அக்காதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அவர் முழுக்கையால் பிடித்திருந்த கொதிக்கிற டம்ளரை வாங்கி, ஆற்றிக் கொடுத்தாள்.