தானாக வைத்த பெயர்கள்

என் அக்கா வீட்டுக்காரர் எதையும் பெயர் எழுதாமல் விடமாட்டார். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கவனித்து வருகிறேன். அதிலும் பொருளின் பெயரை எழுதுவதில்லை, அது என்ன செய்யும் என்பதைத்தான் எழுதுவார். தண்ணீர்க் குழாயின் திருகில் 'இதை மூடினால் மாடிக்கு வராது' என்று ஒரு சீட்டு. சுவிட்சுக்குப் பக்கத்தில் 'மோட்டார், நிறுத்த மறக்காதே' என்று இன்னொன்று.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க. மறந்து தொலைக்கப் போறீங்க" என்பாள் அக்கா.

"உனக்கு எதுக்குச் சீட்டு? சத்தத்துலயே தெரியும்" என்பார் மாமா.

மாமாவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை. ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நோயாளிகளுக்கு அங்கே வந்த பிறகு தொற்று ஏற்பட்டது என்று மாதாமாதம் அறிக்கை தயாரிப்பார். அந்த அறிக்கை விசித்திரமானது. விளக்க வாக்கியங்களும் கணக்குப் போடும் நிரலும் ஒரே கோப்பில் மாறி மாறி வரும். ஒரு பத்தி எழுத்து, ஒரு துண்டு நிரல், மறுபடி எழுத்து. புதுக் கணக்கைக் கொடுத்து ஓட்டினால் எண்களும் வரைபடங்களும் தாமாகவே புதிதாகிவிடும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கல்லூரியில் இதை நானும் படித்தேன். ஆனால் நிரல் துண்டுகளுக்குப் பெயர் வைக்கலாம் என்பதைத் தேர்வுக்காக மட்டும் நினைவில் வைத்திருந்தேன். மாமா ஒவ்வொரு துண்டுக்கும் யோசித்துப் பெயர் வைப்பார். 'குழந்தைகள் வார்டு, வாரத் தொற்று' என்பதுபோல.

பிரிவுத் தலைவருக்குப் பொறுமை இல்லை. "என்னங்க இது, பிறந்த பிள்ளைக்குப் பேர் தேடுற மாதிரி உக்காந்திருக்கீங்க? மத்தவங்க எழுதின துண்டுல ஒண்ணுக்காவது பேர் இருக்கா? வேலை நிக்குதா?"

மாமாவுக்குச் சுருக்கென்றது. அந்த வாரமே ஒரு சின்னக் கருவி எழுதினார். அது கோப்பை மேலிருந்து கீழே படித்து, எல்லாத் துண்டுக்கும் தானாகப் பெயர் வைத்துவிடும். தலைப்பு தொற்று என்றால் தொற்று ஒன்று, தொற்று இரண்டு, தொற்று மூன்று. துண்டு வரையும் படமும் அதே பெயரில் சேமிக்கப்படும். கூட்டத்தில் காட்டும் ஸ்லைடுகள் அந்தப் பெயரைப் பார்த்துப் படத்தை எடுத்துக்கொள்ளும். ஸ்லைடிலேயே வார்டின் பெயர் இருக்கும்போது படத்திலும் எதற்கு என்று, படத்துக்குள் இருந்த தலைப்பை எடுக்கச் சொன்னார் தலைவர். மாமா எடுத்துவிட்டார். பிரிவே அவரைப் பாராட்டியது.

ஒரு மாதம், எல்லாம் சரிதானா என்று பார்த்துக்கொள்ள, மொத்த மருத்துவமனைக்குமான படம் ஒன்றை வரையும் புதுத் துண்டை மாமா கோப்பில் தொற்று என்ற தலைப்பின் கீழ் முதலில் சேர்த்தார். கருவியை ஓட்டினார். கூட்டத்துக்குப் போனார்.

குழந்தைகள் வார்டு ஸ்லைடு வந்தது. படத்தில் தொற்றைக் காட்டும் கம்பிகள் கூரையைத் தொட்டன.

அந்த வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரை எழுந்து நிற்கச் சொன்னார் தலைமை மருத்துவர். "என்ன சிஸ்டர் இது?"

"எங்க வார்டு இப்படி இல்ல சார்."

"அப்ப கிராஃப் பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியல சார். ஆனா இவ்வளவு பிள்ளைங்களுக்கு வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?"

யாரோ சிரித்தார்கள். தலைமை மருத்துவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா சொன்னார்: "டேட்டா சரியாத்தான் சார் இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. டேட்டா சரியாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் சிஸ்டரின் பொறுப்பைப் பிடுங்கி, மருந்துக் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அடுத்த அறிக்கைக்காக அந்தச் சோதனைத் துண்டை அழித்துவிட்டு மாமா ஓட்டிப் பார்த்தார். சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"டேட்டாவைத் தொடவே இல்ல மாப்ள. படம் மட்டும் ஏன் மாறுது?"

சேர்ந்து பார்த்தோம். புதுத் துண்டு முதல் எண்ணை எடுத்துக்கொண்டதும் மற்ற எல்லாம் ஓரிடம் கீழே நகர்ந்திருக்கின்றன. எப்போதும் தொற்று அதிகமாக இருக்கும் தீக்காய வார்டின் படம் குழந்தைகள் வார்டு ஸ்லைடில் போய் உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் வார்டின் அழகான படம் ஆண்கள் வார்டுக்குப் போயிருக்கிறது. அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. நல்லதாக வந்த படத்தை யார் சந்தேகிப்பார்கள்?

"அந்தம்மாவை நிக்க வெச்சுக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுவா?" என்றாள் அக்கா. மாமா தலையாட்டினார். "அப்ப இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க? போனை எடுங்க."

எடுத்தார். தலைவர் மழுப்பினார். மறுநாள் மாமா அவரைத் தாண்டி நேராகத் தலைமை மருத்துவர் அறைக்கே போய், இரண்டு படங்களையும் மேசையில் வைத்தார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த வாரக் கடைசிக்குள் சிஸ்டருக்குப் பொறுப்பு திரும்பக் கிடைத்தது. உத்தரவில் 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று மட்டும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் மாமா எழுந்தார். "சார், போன மாசம் குழந்தைகள் வார்டு படம்..."

"அதான் சரி பண்ணியாச்சே. அடுத்ததுக்குப் போங்க" என்றார் தலைமை மருத்துவர்.

மாமா உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் சிஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் கோபப்படவில்லையாம். "என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? எங்க வார்டு எப்படின்னு எனக்கு முன்னாடியே தெரியும். தெரியாதவங்க எல்லாம் அந்த ரூம்ல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டாராம்.

மாமா கருவியை மாற்றி எழுதினார். இப்போது அது தானாகப் பெயர் வைப்பதில்லை. பெயரில்லாத துண்டைக் கண்டால் நின்றுவிடும், ஒரு மனிதர் பெயர் எழுதினால்தான் நகரும். படத்துக்குள் வார்டின் பெயரும் திரும்ப வந்துவிட்டது. தலைவர் முணுமுணுத்தார், மாமா காதில் வாங்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் உறுதியானவர்.

தனியாக ஒருவர் அறைக்குப் போக முடிந்தவருக்கு, இருபது பேர் முன்னால் ஒரு வாக்கியத்தை ஏன் முடிக்க முடியவில்லை? அவரைக் குறை சொல்ல நினைக்கும்போதெல்லாம், அந்த 'அடுத்ததுக்குப் போங்க'வுக்குப் பிறகும் நான் நின்றுகொண்டிருப்பேனா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

கூட்டம் நடக்கும் நாட்களில் மாமா வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்கிறாள்: "சொல்லிட்டீங்களா?"

"இன்னிக்கு நேரமே இல்லம்மா. அடுத்த மாசம் முதல் ஆளா எழுந்து சொல்லிடறேன்."

இந்த மாதக் கூட்டமும் முடிந்துவிட்டது. சிஸ்டர் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.