சோப்பு தொடாத பானை

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் அடுப்படியில்தான் வளர்ந்தன. ஆறு பேருக்கும் காலையில் கேப்பைக் கூழ்தான். ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன ஆடியில் என் கூழ் கசந்தது என்று சொந்தத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. கசந்தது உண்மை. யாரால் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீடு திண்டிவனத்தில். கண் ஆபரேஷன் ஆனதும், கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழுப்புரத்தில் இருக்கும் கடைசி மகன் வந்து என்னை அழைத்துப் போனான். துணிமணி அவன் கையில். என் கூழ்ப் பானை என் மடியில், பழைய புடவையில் சுற்றி.

பஸ்ஸில் கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாமா, கைக்கொழந்தையா?"

"ஆமாம்பா. இதுக்கு டிக்கெட் வாங்க மாட்டேன், போ."

அந்தப் பானை என் மூத்த பிள்ளைக்குப் பல் முளைத்த வருஷம் வாங்கியது. பழகிய மண்பானை புளிப்பைக் குடித்து வைத்திருக்கும். கேப்பை மாவைக் கரைத்து ஊற்றினால் போதும், காலையில் தானாகப் பொங்கி நிற்கும். புளிப்பைக் குடிக்கிற பானை மற்றதையும் குடிக்கும். அதனால் சோப்பு தொடக்கூடாது. தேங்காய் நார், வெந்நீர், வெயில். இவ்வளவுதான் அதற்கு.

போன அன்றைக்கே மருமகளிடம் சொல்லிவிட்டேன். "இதுமேல சோப்பு படவே கூடாது. இத நாந்தான் கழுவுவேன், நீ தொடாத."

"சரிங்க அத்தை" என்றாள். உடனே சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. உடனே சரி என்பவர்கள் மனதில் வேறு ஒன்றை வைத்திருப்பார்கள்.

அவள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அவர்கள் வீட்டிலும் கூழ் உண்டு, ஆனால் எவர்சில்வர் குண்டானில் காய்ச்சுவார்கள். அதைக் கூழ் என்று சொல்வது அவர்கள் இஷ்டம்.

அந்த வீட்டில் எனக்கு இன்னொன்றும் பிடிக்கவில்லை. குளியலறை மூலையில் பழைய தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. உள்ளே எலுமிச்சைத் தோலும் வெல்லமும் தண்ணீரும். கடையில் வாங்கிய தரை கழுவும் மருந்து பேத்தியின் கைக்கு ஆகாமல் சொறி வந்ததாம். அதிலிருந்து மருமகள் இதை ஊறவைத்துத் தரை துடைக்கிறாள். தினமும் காலையில் ஒவ்வொரு பாட்டிலாக மூடியைத் திருகுவாள். புஸ் என்று சத்தம் வரும். நான் படுத்துக்கொண்டே கேட்பேன். என் வீட்டில் புளிக்கிற பொருள் ஒன்றுதான். இங்கே இரண்டு. எது எதற்குள் போகும் என்று யார் கண்டது.

நானும் பெரிய வீட்டைச் சுத்தம் செய்தவள்தான். பித்தளைக்குப் புளியும் சாம்பலும். பட்டுக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்ட தண்ணீர். இதற்கெல்லாம் மூன்று மாதம் பாட்டிலில் காத்திருக்க வேண்டாம். இதையும் மருமகளிடம் சொன்னேன். "பூந்திக்கொட்ட ஒண்ணு போதும், எல்லாத்தையும் கழுவிரலாம்." அதற்கும் சரிங்க அத்தை என்றாள்.

இப்போது ஆடிக்கு வருகிறேன். மகன் குடியிருக்கும் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. ஆடி வெள்ளியில் வீட்டுக்கு ஒரு குடம் கூழ் எடுத்துப்போய்க் கோயில் வாசலில் இருக்கும் ஒரே அண்டாவில் ஊற்ற வேண்டும். எல்லா வீட்டுக் கூழும் ஒன்றாகக் கலந்த பிறகுதான் அம்மனுக்குப் படைத்து எல்லோருக்கும் வார்ப்பார்கள். யார் வீட்டுக் கூழ் நன்றாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வீட்டுக் கூழ் கெட்டிருந்தால் தெருக்கூழ் மொத்தமும் கெட்டது. அதைச் செய்தது யார் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றே சொன்னார். "திண்டிவனத்துக் கூழு வருதாமே இந்த வருசம். பாக்கலாம், எங்க கூழ விட அதுல இன்னா இருக்குதுன்னு."

"வாய்ல ஊத்திக்கினு பாருங்க" என்றேன்.

அவருக்கு அப்படிச் சொல்லிவிட்டு வெள்ளோட்டமாகக் கொஞ்சம் காய்ச்சினேன். மாவைக் கரைத்துப் பானையில் ஓர் இரவு புளிக்க வைத்து, மறுநாள் நொய்யோடு சேர்த்துக் கிண்டி, மோர் விட்டுக் கரைத்து மகனிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னாடா?"

"கசக்குதுமா."

நான் குடித்துப் பார்த்தேன். கசந்தது. அடி நாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற கசப்பு.

"வயசான காலத்துல இன்னாத்துக்குமா பேஜாரு" என்றான் மகன். "கேட்டரிங்ல சொன்னா ஒரு குடம் குடுத்துருவான். ஜல்தியா முடிஞ்சிரும்."

"ஆறு பேருக்கு ஊத்துன கையிடா இது. அம்மனுக்கு ஆர்டர் கூழா?"

மருமகளிடம் நேராகக் கேட்டேன். "பானைக்கு சோப்பு போட்டியா?"

"சோப்பு தொடவே இல்லைங்க அத்தை."

முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் தாழவில்லை. பொய் சொல்கிறவள் நன்றாகப் பழகியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

மாவில் குற்றம் இருக்கலாம் என்று, திண்டிவனத்திலிருந்து கேப்பை வரவழைத்து, மில்லுக்கு நானே போய் நின்று அரைத்து வந்தேன். மறுபடி கரைத்தேன். காலையில் துணியை விலக்கினால் கூழ் பொங்கும் பொங்கல் இல்லை அது. துணி துவைத்த தண்ணீர்போல நுரை. கசப்பு முன்னைவிட அதிகம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் பகலிலும் இல்லை. அந்தப் பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறாளா? ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன், புளித்த எலுமிச்சை நாற்றம். என் பானையில் அந்த நாற்றம் இல்லை. பிறகு ஒரு நாள் அவள் பின்கட்டில் அவள் அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது.

"அத்தைக்குத் தெரியாமதாம்மா பண்ணிக்கினு இருக்கேன். ஆமா, தெனமுந்தான்."

என் கூழ் கெட வேண்டும், தெருவில் நான் தலைகுனிய வேண்டும், திண்டிவனத்துக்கு நானாகவே மூட்டை கட்ட வேண்டும். இதுதான் கணக்கு என்று முடிவு செய்தேன். மகனிடம் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் சொன்னால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள்.

அடுத்த நாள் வழக்கம்போல் நார் போட்டுப் பானையைத் தேய்த்துப் பின்வாசலில் கவிழ்த்தேன். கவிழ்க்குமுன் விபூதியைக் குழைத்து, பானையின் அடியில் ஒரு பொட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பொட்டு இல்லை. மழையும் இல்லை.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டையும் விட்டேன். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். போனாள். பின்கதவு திறந்தது. நான் எழுந்து செருப்பில்லாமல் போனேன்.

துவைக்கும் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து என் பானையை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பழுப்புத் தண்ணீர், மேலே நுரை. கையை விட்டுப் பானைக்குள் சுழற்றிச் சுழற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா தண்ணி?"

திரும்பினாள். பானையை நழுவவிடவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

"பூந்திக்கொட்டைங்க அத்தை."

"பானைக்கா?"

"சோப்பு படக்கூடாதுன்னீங்க. பூந்திக்கொட்டையில எல்லாத்தையும் கழுவலாம்னும் நீங்கதாங்க சொன்னீங்க."

"எல்லாம்னா துணி, வெள்ளி. மண்ணுக்கா சொன்னேன்? மண்ணு குடிக்குமே."

"அது எனக்குத் தெரியலைங்க. எங்க வீட்ல எவர்சில்வருதான்."

"நான் கழுவி வெச்சத நீ எதுக்குத் திரும்பக் கழுவுற? அதும் ஒளிச்சி?"

கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். "உள்ள கழுத்தோரம் மாவு அப்பிடியே ஒட்டிக்கினு இருந்திச்சிங்க. பூஞ்ச கட்டியிருந்திச்சி. உங்களுக்குக் கண்ணு இன்னும் தெளியல. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்."

நான் பானையை வாங்கிக் கழுத்துக்குள் விரலை விட்டேன். அவள் கை இன்னும் படாத பக்கத்தில் நார் போகாத இடத்தில் பொருக்கு தட்டுப்பட்டது. பழைய பானை என்றால் கொஞ்சம் பொருக்கு இருக்கத்தான் செய்யும். அவளிடம் அதைச் சொன்னேன். சரிங்க அத்தை என்றாள்.

கோபப்பட நேரம் இல்லை. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. பூந்திக்கொட்டையைக் குடித்த பானையை வடிகஞ்சி ஊற்றி ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேற்ற வேண்டும். புதுப் பானை மண் வாடை அடிக்கும். ஆறு பேர் உட்கார்ந்து குடித்த காலத்தில் என்னிடம் இரண்டு பானை ஓடியது. இன்னொன்று திண்டிவனத்தில் மல்லாட்டைக் கடலை போட்டு வைத்துக் கிடந்தது.

"கெளம்பு" என்றேன்.

"குண்டான்ல பண்ணிரலாங்களே அத்தை."

"கெளம்புன்னேன்."

திண்டிவனம் போய், பூட்டைத் திறந்து, மல்லாட்டையைச் சாக்கில் கொட்டிவிட்டுப் பானையைத் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை. முகர்ந்தேன், அடியில் பழைய புளிப்பு இன்னும் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் மருமகள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கைய எதுல கழுவிக்கினு வந்த?" என்று கேட்டேன்.

"வெறுந்தண்ணிதாங்க. மோந்து பாக்குறீங்களா?" என்று கையை நீட்டினாள்.

பார்த்தேன். பஸ்ஸில் நாலு பேர் பார்த்தால் என்ன.

அந்தப் பானையை நார் போட்டு நான் தேய்த்தேன். கழுத்தோரத்தை மட்டும் அவளிடம் விட்டேன், வெந்நீரும் நாரும் மட்டும் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து. மாவு கரைத்தது நான். மறுநாள் காலை துணியை விலக்கியபோது மேலே சின்னச் சின்னக் குமிழ், நடுவில் வெடிப்பு. நுரை இல்லை. கிண்டியது அவள் கை, கனம் எனக்கு ஆகாது என்பதால்.

வெள்ளிக்கிழமை காலையில் கரைத்ததும் முதல் டம்ளரை அவளிடம்தான் கொடுத்தேன். நான் குடிக்கவில்லை. அவள் குடிப்பதைப் பார்த்தேன். நிறுத்தாமல் குடித்து முடித்து, டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அத்தை. புளிப்பு நல்லாருக்கு."

"கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடியேவா? வை டம்ளர" என்றேன். பிறகு நானும் குடித்தேன்.

குடத்தை மகன் தூக்கி வந்தான். அண்டாவில் ஊற்றினான். எங்கள் கூழ் மற்ற வீட்டுக் கூழோடு கலந்து காணாமல் போனது. எதிர்வீட்டு அம்மா வரிசையில் நின்று சொம்பில் வாங்கிக் குடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு சொம்பு வாங்கினார். அவரவர் வீட்டுக் கூழைத்தான் குடிக்கிறோம் என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதும்.

கசந்த பானை இப்போது விழுப்புரத்துப் பின்வாசலில் இருக்கிறது. வடிகஞ்சி ஊற்றி ஊற்றி வைக்கிறேன். கண் தெளிந்துவிட்டது. ஆனாலும் கவிழ்க்குமுன் அடியில் ஒரு விபூதிப் பொட்டு வைக்கிறேன். நேற்றுப் பார்த்தேன், பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் போனில் அடித்தது பேத்தி. கையில் சொறி வந்த அதே பிள்ளை. எனக்குப் பேத்தி மட்டுமல்ல, அவள் அம்மாவுக்கு மகளும்தான் என்பதை நான் மறக்கவில்லை.

"முடிஞ்சிச்சா ஆயா?" என்கிறாள்.

"எங்க முடிஞ்சிச்சி? மொதல்லேர்ந்து படி, கேக்குறேன். உங்கம்மா பேசுற எடத்த மட்டும் மெதுவா படி பாப்பா. நான் சொல்லாத நல்லது எதுனா நீ சேத்திருக்கியான்னு பாக்கணும்."