கழற்றி வைத்த கடிகாரம்

அத்தான் அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். வாரை நிதானமாக அவிழ்த்து, ஃபிரிட்ஜின் மேல் கண்ணாடி மேலே பார்க்கும்படி வைப்பார். கடிகாரத்துக்கு அடிபடக் கூடாது. அதன் பிறகு அக்காவுக்கு விழும். நான் அவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது என்று அவர் பிறகு சொல்லும்போதெல்லாம் நான் அந்தக் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கறிக்கடை வைத்திருந்தார். தொடை எலும்பை ஒரே வெட்டில் பிளக்கிற கை. வாடிக்கையாளர்களிடம் அத்தனை சிரிப்பு. அந்தக் கை ஒருமுறை அக்காவின் இடது காதில் விழுந்தது. ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் கேட்காது. யாராவது கேட்டால், "நல்லதாப் போச்சு, திட்டுல பாதிதான் உள்ள போகுது" என்பாள்.

பிறகு அத்தானின் ஈரலில் கட்டி வந்தது.

"வெட்டி எறிஞ்சிடுங்க டாக்டர். நான் தினமும் செய்யற வேலைதானே" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டிக் கட்டி உட்கார்ந்திருந்தது. கத்தி வைத்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போய்விடும். வழக்கமான மருந்து ஏற்றியதில் முடி கொட்டி, வாந்தியில் ரத்தம் வந்து, ஆள் பாதியாகிவிட்டார். சோதனையில் இருக்கிற ஒரு முறை உண்டு என்று டாக்டர் சொன்னார்.

"மருந்தைக் கண்ணுக்கே தெரியாத உருண்டைங்களுக்குள்ள பூட்டி ரத்தத்துல விடுவோம். உடம்பெல்லாம் சுத்தும், திறக்காது. வெளியில இருந்து கட்டி மேல குறி வச்சு ஒலியை அனுப்புவோம். காதுக்குக் கேக்காத ஒலி. அது படற இடத்துல உருண்டை உடைஞ்சு மருந்து கொட்டும்."

"மத்த இடத்துல?" என்று கேட்டாள் அக்கா.

"மத்த இடத்துக்கு அவ்வளவா அடி விழாது. ஆனா இவர் அசையக் கூடாது. அசைஞ்சா குறி தப்பிடும்."

முதல் தடவை நானும் உள்ளே நின்றேன். கருவியை இயக்குகிற பெண் சின்ன வயசுக்காரி. அத்தானின் வயிற்றில் பசையைத் தடவிவிட்டு, "கடிகாரத்தைக் கழட்டிடுங்கண்ணா" என்றாள். அவர் வாரை அவிழ்த்தார். சுவரோரம் நின்றிருந்த அக்காவின் இரண்டு கைகளும் தானாக மேலே போய் முகத்தை மூடிக்கொண்டன. நல்ல காதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் கடிகாரத்தை வாங்கி அக்காவின் கையில் வைத்தாள்.

"இதை நீங்களே வச்சிருங்கக்கா."

அடுத்த தடவை, பாதியில், உள்ளே சூடு ஏறுகிறது என்று அத்தான் துள்ளி எழுந்தார். குத்து அந்தப் பெண்ணின் வாயில் விழுந்தது. உதடு பிளந்து அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையில் ஏற்றியிருந்த ஊசி பிய்ந்து, ரத்தம் சுவரில் தெறித்தது. நாலு பேர் அவரைப் பிடித்து அழுத்தினார்கள். கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சம்மதித்தால்தான் இனி சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் அழுதார். "கட்டிக்கங்க. நான் சாகக் கூடாது."

அந்தப் பெண் உதட்டில் தையலோடு திரும்பி வந்தாள். கைகளைக் கட்டுகிற வாரை எடுத்தவள் கட்டிலை நெருங்காமல் நின்றாள். அக்கா அதை வாங்கிக்கொண்டாள்.

"ஏய், ரொம்ப இறுக்கற" என்றார் அத்தான்.

"அசைஞ்சா குறி தப்பிடுமாம்" என்றாள் அக்கா. இன்னும் ஒரு துளை தள்ளி மாட்டினாள்.

கட்டி சுருங்கியது. அத்தானுக்குப் பசி எடுத்தது, கன்னத்தில் சதை பிடித்தது, கடைக்குப் போய்க் கத்தி தூக்கினார். கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். உடம்பு தேறினால் அந்தக் கையும் சேர்ந்துதானே தேறும்.

ஒருநாள் மாலை சாப்பாடு ஆறியிருந்தது. தட்டு சுவரில் போய் விழுந்தது. அவர் எழுந்து, வாரை அவிழ்த்து, கடிகாரத்தை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார்.

இந்தத் தடவை அக்காவின் கைகள் முகத்துக்குப் போகவில்லை. சாணை பிடித்து வந்திருந்த வெட்டுக்கத்தி அடுப்படி மூலையில் இருந்தது. அதை எடுத்தாள். கடிகாரத்தை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஓங்கி வெட்டினாள். கண்ணாடிச் சில் தெறித்து அவள் கன்னத்தையே கிழித்தது. மறுபடி வெட்டினாள். மறுபடியும். முள்ளும் சக்கரமும் தரையில் சிதறின. கடைசி வெட்டில் கத்தி மேசைப் பலகைக்குள் இறங்கி நின்றது. பிடியை அவள் விடவில்லை.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார் அத்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. அந்தக் காதுல விழல."

அவர் நகரவில்லை.

"அடுத்த வாரம் அந்தக் கட்டில்ல படுக்கணும். கட்டறதும் நான், அவுக்கறதும் நான். இப்ப அடிக்கணும்னா அடிங்க."

அவள் கன்னத்திலிருந்து ரத்தம் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் கையை இறக்கினார். வாசல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கட்டி இப்போது பட்டாணி அளவில் இருக்கிறது. முழுதாகப் போகவில்லை, அதனால் சிகிச்சை தொடர்கிறது. அக்காதான் கூடப் போய்க் கட்டுகிறாள். அத்தான் கடையில் நேரம் தெரிய வேண்டுமென்றால் வாடிக்கையாளர்களைக் கேட்கிறார். அன்றிலிருந்து அவர் கை ஓங்கவில்லை. கத்தி அக்காவின் தலைமாட்டில் இருக்கிறது.