துப்பாமல் தின்ற கரும்பு

ஆரணியில் மகளுக்குப் பட்டுப்புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து நிலத்துக்காரன் போன் செய்தான். "யக்கா, ரிடையரான நம்ம கரும்பு ஆபீசர் கஜேந்திரன் பூட்டாரு. காத்தாலதான்." கடைக்காரர் விரித்த புடவை மடியிலேயே கிடந்தது. சாவுச் செய்தி கேட்டால் அழுகை வரவேண்டும். எனக்குக் கருகிப்போன என் தோட்டம்தான் ஞாபகம் வந்தது.

கரும்பு போடுகிறவர்களே, அஞ்சலிக் கூட்டத்தில் ஆளாளுக்கு அவருடைய நேர்மையைப் பேசினீர்கள். யார் சிபாரிசுக்கும் வரிசை தாண்டி வெட்டு உத்தரவு கொடுக்காதவர் என்றீர்கள். வாஸ்தவம். ஆலை உத்தரவு வராமல் ஒரு கழியைக்கூட வெட்ட முடியாது என்பதும், முன்னால் நட்டவருக்கு முன்னால் உத்தரவு என்பதும் நமக்குத் தெரிந்த முறைதான். அந்த முறையில் வெந்தது நான். அதை யாராவது ஒருவர் சொன்னீர்களா?

என் தோட்டம் கருகின அந்த வருஷம், தை மாதம் வந்தார். ஒரு கழியை ஒடித்து நுனியை மென்றார், துப்பினார். அடியை மென்றார், துப்பினார். "நுனியும் அடியும் ஒரே மாதிரி இனிக்குதும்மா. முத்திப்போச்சி" என்றார்.

"அப்ப உத்தரவு குடுங்க சார்."

"உங்க முறை வரட்டும். அதுவரைக்கும் தண்ணி காட்டாதீங்க, சக்கர இறங்கிடும்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம். என்னுடையது செம்மண் பூமி, சீக்கிரம் முத்தும், சீக்கிரம் காயும். "குளிருல கரும்பு சக்கரைய சேத்து வைக்கும். வெயில் ஏறிச்சின்னா, சேத்தத எடுத்துத் தின்னுதான் உயிர் புழைக்கும்." கூட்டம் போட்டு எங்களுக்கு இதைச் சொன்னதே அந்த மனுஷர்தான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே காக்க வைத்தார்.

மாசியிலேயே வெயில் கொளுத்தியது. தோகை சுருண்டு, கழி உள்ளே சாறு வற்றி நெட்டி விட்டது. உத்தரவு வந்தது பங்குனிக் கடைசியில். வெட்டிப் போட்டால் லாரி வரவில்லை. கரும்பு வரப்போரம் வெயிலில் கிடந்து கள் வாடை அடித்தது. அந்த ஒரு வெள்ளாமையை நம்பித்தான் என் மகள் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்தேன். அது தள்ளிப்போனது.

போன் செய்து கத்தினேன். வேறு ஆளை அனுப்பாமல் தன் மொபெட்டில் தானே வந்தார். வெட்டின கழி ஒன்றை அவர் கையில் திணித்தேன்.

"தின்னுங்க. துப்பக் கூடாது."

தொப்பியைக் கழற்றிவிட்டு நட்ட நடு வெயிலில் நின்று தின்றார். ஒரு கணுவைக்கூட விடவில்லை, சாறு முழுக்க விழுங்கினார். எனக்குப் பாவமாக இல்லை, இன்னொன்று கொடுக்கலாமா என்றிருந்தது. கடைசியில், "புளிக்குதும்மா" என்றார். காலத்தையோ லாரியையோ சாக்குக்கு இழுக்கவில்லை. கூடவே, "ஆனா முறைய மாத்த மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். கல்லுளிமங்கன்!

பிறகும் ரிடையராகும் வரைக்கும் ஒவ்வொரு தையிலும் வந்தார், மென்றார், உள்ளதைச் சொன்னார், காக்க வைத்தார். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

இந்த வருஷம் தை முடிவதற்குள்ளேயே வெயில் வந்துவிட்டது. கூட்டம் முடிந்து நேரே தோட்டத்துக்குப் போய் நுனியை மென்றேன். இனிப்பு இறங்க ஆரம்பித்திருக்கிறது. அவர் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆபீசருக்குப் போன் போட்டேன். "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம், பாக்கறேன்" என்றார்.

கஜேந்திரன் சார், செத்துப்போனீர்கள் என்பதற்காக உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் நேரில் போய் நிற்கிற உங்கள் பழக்கம் ஒன்றை எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டேன். நான் போட்டோ அனுப்பவில்லை. நல்ல கழியாக ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு கரும்பு ஆபீசுக்கு பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பிள்ளை இன்று என் கண்ணெதிரே அதைத் தின்ன வேண்டும், நுனியிலிருந்து அடிவரைக்கும், துப்பாமல்.